கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?

கடந்த ஆண்டு ஒரு மாலை, எனக்குத் தெரிந்த விரிவுரையாளர் ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷொட் வந்தது. தன்னுடைய துறையின் பெயரை கூகுளில் தேடியிருக்கிறார். முதலாவதாகத் துறையின் இணையத்தள முகவரிதான் வந்திருந்தது. ஆனால் அதற்குக் கீழே இருந்த வரிகள் இந்தோனேசிய மொழியில் ஒன்லைன் சூதாட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தன. “தலைவர் பார்க்கமுதல் உதை அழிக்க ஏலுமே?” என்று கேட்டிருந்தார்.

உடனே அழிக்க முடியவில்லை. அந்தத் தளத்தின் கடவுச்சொல் துறையில் எவரிடமும் இருக்கவில்லை.

நான் தகவல் தொழில்நுட்பம் படித்தவள் அல்ல. ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்று, சுயாதீன ஊடகவியலாளராக வேலை செய்பவள். கட்டுரை எழுதி வரும் காசில் மாதம் ஓடாது என்பதால், சிறிய அமைப்புகளுக்கும் பதிப்பகங்களுக்கும் எளிய இணையத்தளங்கள் செய்து கொடுத்து வருகிறேன். அதை நம்பித்தான் கூப்பிட்டார்கள். வடக்கு, கிழக்கிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் கலைப்பீடத் துறை அது. பெயரைத் தவிர்த்துக்கொள்கிறேன். இதே நிலையில் இருக்கும் துறைகளை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன்.

தளம் எப்படிப் பிறந்தது என்று விசாரித்தேன். 2017இல் வெளியிலிருந்து மீளாய்வுக் குழு ஒன்று வரவிருந்தது. துறைக்கு இணையத்தளம் இல்லை என்று எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில் அவசர அவசரமாக ஒன்று தேவைப்பட்டது. கணினியில் கெட்டிக்காரரான இறுதிவருட மாணவர் ஒருவர் இரண்டு வாரத்தில் வேர்ட்பிரஸ்ஸில் செய்து கொடுத்திருக்கிறார். காசு எதுவும் வாங்கவில்லை. முகப்பில் நகரும் படங்கள், வந்துபோனவர்களை எண்ணும் பெட்டி, நாட்காட்டி என்று பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கிறது. கணக்கைத் தன்னுடைய சொந்த மின்னஞ்சலில் திறந்திருந்தார். பட்டம் கிடைத்ததும் வெளிநாடு போய்விட்டார். மீளாய்வும் முடிந்துவிட்டது. அதன்பிறகு துறைத்தலைவர் பதவி இரண்டு தடவை கைமாறியிருக்கிறது. எங்கள் பல்கலைக்கழகங்களில் அந்தப் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள்தான். தளத்தை ஒப்படைக்க ஆளுமில்லை, பொறுப்பேற்க ஆளுமில்லை.

இப்படிக் கைவிடப்பட்ட தளத்துக்குள் சூதாட்டக்காரர் ஏன் வருகிறார்கள் என்பதை விளக்க வேண்டும். வேர்ட்பிரஸ் என்பது அச்சடித்து ஒட்டிய சுவரொட்டி போன்றதல்ல. வாசகர் ஒவ்வொரு தடவை பக்கத்தைத் திறக்கும்போதும் பின்னால் ஒரு மென்பொருள் இயங்கி, தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் பக்கத்தைக் கட்டித் தருகிறது. அந்த மென்பொருளுக்கும், அதனுடன் இணைத்திருக்கும் செருகுநிரல்களுக்கும் அடிக்கடி திருத்தங்கள் வரும். ஒரு செருகுநிரலில் ஓட்டை இருக்கிறதென்று தெரியவந்ததும், அதைத் திருத்தாமல் வைத்திருக்கும் தளங்களை உலகம் முழுவதும் தானியங்கி நிரல்கள் தேடத் தொடங்கிவிடும். எங்கள் துறையின் மீது எவருக்கும் கோபம் இருக்கவில்லை. பூட்டாத கதவு ஒன்று அகப்பட்டது, அவ்வளவுதான். அதிலும் பல்கலைக்கழக முகவரி என்றால் அவர்களுக்குக் கூடுதல் விருப்பம். ‘ஏசி டொட் எல்கே’ என்று முடியும் முகவரி கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே கிடைப்பது. தேடுபொறிகள் நீண்டகாலமாக நம்பிவரும் முகவரிகள் இவை. அந்த நம்பிக்கையின் முதுகில் ஏறித்தான் சூதாட்டத் தளங்கள் தேடல் முடிவுகளில் மேலே வருகின்றன. துறையின் முகப்புக்கு நேராகப் போனால் எல்லாம் வழமைபோலத் தெரியும். கூகுள் வழியாக வருபவருக்குத்தான் வேறு முகம் காட்டும். அதனால்தான் மாதக்கணக்கில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பல்கலைக்கழகக் கணினி மையம் தளத்தை இடைநிறுத்தியது. பிறகு என்னிடம் வந்த கோரிக்கை, “நீரே புதுசா ஒண்டு செய்து தாரும், வருஷாவருஷம் பாத்துக்கொள்ளும்” என்பதுதான். வருமானமுள்ள வேலை. யோசித்துப் பார்த்துவிட்டு முதல் பாதிக்கு மட்டும் சம்மதித்தேன். நானே பார்த்துக்கொண்டால், நான் வேறு வேலைக்குப் போகும் நாளில் அந்த வெளிநாடு போன மாணவரின் இடத்தில் நான் இருப்பேன். துறையில் இருப்பவர்களே நடத்தக்கூடிய தளம்தான் வேண்டும், அதற்கு நான்கு சனிக்கிழமைகள் தாருங்கள் என்றேன்.

நான்கு பேர் வந்தார்கள்: துறைத்தலைவர், தகுதிகாண் விரிவுரையாளர் ஒருவர், நூலக உதவியாளர் ஒருவர், துறை அலுவலகத்தின் முகாமைத்துவ உதவியாளரான அக்கா. அக்கா வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “எனக்கு உது ஒண்டும் ஓடாது பிள்ளை. நான் கடிதம் அடிக்கிற ஆள்.” அவர் இல்லாவிட்டால் இந்தத் தளம் இரண்டு வருடத்தில் மறுபடியும் செத்துவிடும் என்பது எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. விரிவுரையாளர்கள் பட்டமேற்படிப்புக்குப் போவார்கள், தலைவர்கள் மாறுவார்கள். அறிவித்தல் எதுவாக இருந்தாலும் கடைசியில் அக்காவின் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும்.

முதல் சனிக்கிழமை கணினியைத் திறக்கவில்லை. தளத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டேன். தூரநோக்கு, செயற்பணி, தலைவரின் செய்தி, துறையின் வரலாறு என்று பட்டியல் வந்தது. பிறகு அக்காவிடம், அலுவலகத் தொலைபேசியில் ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டேன். அவர் ஒரு கொப்பியை எடுத்துவந்தார். அழைத்தவர் பெயர், விடயம் இரண்டையும் எழுதிவைக்கும் சாதாரண கொப்பி. உயர்தரத்தில் என்ன பாடம் எடுத்திருக்க வேண்டும், எந்த மொழிமூலம், பெறுபேற்றுச் சான்றிதழின் பிரதியை எப்படிப் பெறுவது, பட்டத்தை உறுதிப்படுத்தும் கடிதத்துக்கு யாருக்கு விண்ணப்பிப்பது, இன்ன விரிவுரையாளரின் மின்னஞ்சல் என்ன, துறையின் சஞ்சிகைக்குக் கட்டுரை அனுப்புவது எப்படி. பக்கம் பக்கமாக இவைதான். துறையின் தூரநோக்கு என்ன என்று கேட்டு ஒருவர்கூட அழைத்திருக்கவில்லை. தலைவர் சிரித்துவிட்டார். அந்தக் கொப்பிதான் தளத்தின் வரைபடம் ஆனது. ஏழு பக்கங்கள். தூரநோக்கும் இருக்கிறது, ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தின் அடியில்.

அந்தக் கொப்பியில் அடிக்கடி வந்த ஒரு வகை அழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் தாயோ தகப்பனோ அழைப்பார்கள். பிள்ளை தான் விரும்பும் கற்கைநெறிகளை முன்னுரிமை வரிசையில் நிரப்ப வேண்டும். ஆணைக்குழுவின் கைநூலில் தகைமைகள் இருக்கும். ஆனால் அந்தப் பாடத்தில் உண்மையில் என்ன படிப்பிக்கிறார்கள், படித்தவர்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்பது அங்கே கிடைக்காது. யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளைக்குக் கேட்க ஒரு மாமாவோ ரியூசன் ஆசிரியரோ இருப்பார். ஒட்டுசுட்டானிலோ மஸ்கெலியாவிலோ குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு, கையிலிருக்கும் தொலைபேசிதான் கதி. அந்தப் பிள்ளை துறையின் பெயரைத் தேடும்போது ஏழு வருடத்துக்கு முந்தைய பாடத்திட்டமோ, சூதாட்ட விளம்பரமோ வந்தால் என்ன செய்யும்? அதுவும் தளம் முழுக்க ஆங்கிலத்தில். ஆங்கிலப் பக்கம் தேவைதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதைத்தான் பார்க்கின்றன. ஆனால் தமிழில் கற்பிக்கும் துறையின் தளத்தில் தமிழ் இல்லாமல் இருந்ததற்கு எவராலும் காரணம் சொல்ல முடியவில்லை.

காரணம் இரண்டாவது சனிக்கிழமை தெரியவந்தது. அக்கா தமிழ் தட்டச்சுச் செய்யும் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. ஆனால் அவர் அடிப்பது பாமினி எழுத்துருவில். பாமினி, தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்திருக்கும் பழைய ஏற்பாடு. அந்த எழுத்துரு உள்ள கணினியில் அழகான தமிழ். அதையே இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை. முன்பு யாரோ ஒருதடவை அப்படி ஒட்டிப் பார்த்து, “தமிழ் வேலை செய்யாது” என்று முடிவுகட்டியிருக்கிறார்கள். அதன்பிறகு வந்த தமிழ் அறிவித்தல்கள் எல்லாம் அச்சடித்து, கையொப்பமிட்டு, ஸ்கான் செய்த படங்களாகவே ஏறியிருக்கின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்தை வேர்ட்பிரஸ்ஸின் தேடல் பெட்டி கண்டுபிடிக்காது. தொலைபேசித் திரையில் அதைப் பெரிதாக்கி இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள் எங்கள் கலைப்பீடங்களில் படிக்கிறார்கள்; அவர்கள் பாவிக்கும் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் படம்.

பல இடங்களில் இந்தக் கட்டத்தில் “யுனிகோட்டுக்கு மாறுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இருபது வருடம் விரலில் ஏறிய பழக்கத்தை ஒரு பயிற்சிப்பட்டறையில் மாற்ற முடியாது. மாற்றத் தேவையுமில்லை. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசைகளை அப்படியே வைத்துக்கொண்டு யுனிகோட் எழுத்தைப் பெறலாம். அதை நிறுவிக் கொடுத்தேன். அக்கா வழமைபோல அடித்தார். இணையத்தில் தமிழ் வந்தது. பழைய கோப்புகளுக்கு எழுத்துரு மாற்றி ஒன்றைக் காட்டிக்கொடுத்தேன். இந்த நான்கு வாரங்களில் மிகப் பெரிய மாற்றம் எது என்று கேட்டால் இந்தப் பதினைந்து நிமிட வேலையைத்தான் சொல்வேன்.

எந்தக் கருவியில் தளத்தைச் செய்வது என்பதில் தகுதிகாண் விரிவுரையாளருக்கும் எனக்கும் நீண்ட வாக்குவாதம். அவர் தனியான முகவரி வாங்கி, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் வழங்கியில் வைக்க விரும்பினார். சுதந்திரமாக வடிவமைக்கலாம், உண்மைதான். ஆனால் கட்டணம் டொலரில், யாரோ ஒருவரின் சொந்தக் கடன் அட்டையில் போகும். 2022 நெருக்கடியின்போது என்னுடைய வாடிக்கையாளர்களின் முகவரிகளைப் புதுப்பிக்க நான் பட்ட பாட்டை அவருக்குச் சொன்னேன். இலவசமாகத் தளம் அமைத்துத் தரும் சேவைகளும் இருக்கின்றன. மூன்று நாள் கருத்தரங்குக்கு அவை போதும். துறையின் இருபது வருட ஆவணத்தை அங்கே வைக்க எனக்கு மனமில்லை. ஒருகாலத்தில் இலட்சக்கணக்கானோர் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009இல் மூடிவிட்டது. கடைசியில் கணினி மையம் தானே பராமரிக்கும் வேர்ட்பிரஸ்ஸின் கீழ் எங்களுக்கு ஒரு பகுதியைக் கேட்டு வாங்கினோம். மென்பொருள் திருத்தம், பாதுகாப்பு, காப்புப்பிரதி எல்லாம் மையத்தின் வேலை. எழுத்தும் படமும் எங்கள் வேலை.

அதில் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் ‘நிர்வாகி’ என்ற அனுமதி கொடுக்கவில்லை. ‘பதிப்பாசிரியர்’ அனுமதி மட்டும். வேர்ட்பிரஸ்ஸில் இந்த நிலையில் உள்ளவர் எந்தப் பக்கத்தையும் எழுதலாம், திருத்தலாம், வெளியிடலாம். செருகுநிரல்களை நிறுவ முடியாது, தளத்தின் வடிவத்தை மாற்ற முடியாது. விரிவுரையாளருக்கு இதில் கொஞ்சம் மனவருத்தம். பழைய தளத்தில் இருபதுக்கு மேற்பட்ட செருகுநிரல்கள் இருந்ததையும், அதில் ஒன்றின் வழியாகத்தான் கள்ளன் வந்திருப்பான் என்பதையும் சொன்ன பிறகு விட்டுவிட்டார்.

அக்காவின் பயம் வேறு. “ஏதும் பிழையா அமத்தினா யூனிவேசிற்றி முழுக்க நிண்டிடுமே?” கணினிக்குப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நாங்கள் கவனிக்காமல் விடுவது இந்தப் பயத்தைத்தான். விளக்கம் சொல்லிப் பயனில்லை. ‘தொடர்புகள்’ பக்கம் முழுவதையும் தெரிவுசெய்து அழித்துவிட்டுச் சேமிக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கி அழித்தார். பக்கம் வெறுமையானது. பிறகு, முந்தைய திருத்தங்கள் சேமிக்கப்பட்டிருக்கும் இடத்தைக் காட்டி, நேற்றைய வடிவத்தை மீட்கச் சொன்னேன். எல்லாம் திரும்பி வந்தது. அடுத்து ஒரு பக்கத்தையே குப்பைக்கூடையில் போட்டு எடுத்தோம்; அங்கே 30 நாட்கள் கிடக்கும். மூன்றாவது தடவை அவர் நான் சொல்லாமலே ஒரு பக்கத்தை அழித்துப் பார்த்தார். அதன்பிறகு பயம் என்ற பேச்சு வரவில்லை.

எழுத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் செய்தி மேசையில் கற்றவைதான். எங்கள் அறிவித்தல்களில் ‘எதிர்வரும் 15ஆம் திகதி’ என்று எழுதும் பழக்கம் உண்டு. அறிவித்தல் பலகையில் அது சரி. இரண்டு வாரத்தில் கழற்றிவிடுவார்கள். இணையத்தில் அந்த வரி வருடக்கணக்கில் எதிர்வந்துகொண்டே இருக்கும். ஆண்டு, மாதம், திகதி மூன்றும் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ‘விரைவில்’ என்ற சொல்லைத் தடைசெய்தோம். உள்ளடக்கம் இல்லாத பக்கம் இருக்கவே தேவையில்லை. ‘இங்கே சொடுக்கவும்’ என்பதற்குப் பதிலாக ‘2024 விண்ணப்பப் படிவம்’ என்று இணைப்புக்கே பெயர் வைத்தோம். தொலைபேசியில் எடுத்த நான்கைந்து மெகாபைட் படங்களைச் சுருக்கிய பின்னரே ஏற்றுவது. டேட்டா கார்ட் போட்டுப் பார்க்கும் பிள்ளையின் காசு அது.

“எங்களுக்குப் பேஸ்புக் பக்கம் இருக்குத்தானே, பிறகேன் இது?” என்று தலைவர் ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி. பேஸ்புக்கில் போட்டால்தான் ஆட்கள் பார்க்கிறார்கள். ஆனால் மூன்று வருடத்துக்கு முந்தைய பாடத்திட்டத்தை அங்கே தேடிப் பாருங்கள் என்றேன். இன்னொன்றையும் நினைவூட்டினேன். 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னரும், 2022 ஏப்ரலில் போராட்டங்களின்போதும் இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் மட்டும் அறிவித்தல் கொடுப்பவர் அந்த நாட்களில் வாய்கட்டப்பட்டவர்தான். இப்போது அறிவித்தல் தளத்தில் ஏறுகிறது. அதன் இணைப்பு பேஸ்புக்குக்குப் போகிறது. தகவலுக்கான உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) உயர்கல்வி நிறுவனங்களையும் பகிரங்க அதிகார சபைகளாகவே கருதுகிறது என்பதையும் சொன்னேன். தகவலைக் கேட்க மக்களுக்கு உரிமை இருக்கிறதென்றால், கேட்கமுன்பே போட்டுவைப்பது அக்காவின் தொலைபேசிக்கும் நல்லது.

துயரமான பகுதி சஞ்சிகை. துறை வெளியிட்ட 11 இதழ்களும் பழைய தளத்தில் இருந்தன. தளம் பாழானபோது அவையும் போயின. இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டுத் தேடினோம். நான்கு இதழ்களின் கோப்புகள் முழுதாகக் கிடைத்தன. மற்றவற்றின் பொருளடக்கம் மட்டும் சேமிக்கப்பட்டிருந்தது. ஐந்து இதழ்கள் முன்னாள் ஆசிரியர்களின் கணினிகளில் கிடந்தன. மிச்சம் இரண்டையும் நூலக உதவியாளர் அச்சுப் பிரதியிலிருந்து ஸ்கான் செய்தார். இந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டியவர்களின் ஆய்வேடுகளில் பழைய முகவரிகள் இன்றும் அச்சில் இருக்கின்றன. சொடுக்கினால் எதுவும் வராது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 வீதமானவை பத்து வருடத்தின் பின்னர் இல்லாமற்போயிருந்ததாக பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. எங்கள் இதழ்களுக்கும் அதுதான் நடந்தது. நிறுவனங்கள் வளர்வதாலும் முகவரி மாறுவதுண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானபோது, யாழ்ப்பாணத்தின் முகவரிக்குக் கீழிருந்த அதன் தளமும் தனக்கென்று முகவரி பெற்றது. இப்படியான நேரத்தில், வீடு மாறுபவர் தபாற்கந்தோரில் புது விலாசம் கொடுப்பதுபோல, பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைக் கணினி மையத்திடம் கேட்டு வாங்கலாம். கேட்க வேண்டும் என்று துறையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசிச் சனிக்கிழமை ஒரு கொப்பி வாங்கினோம். தளத்துக்கான கொப்பி. எந்த முகவரி, எங்கே இருக்கிறது, கணினி மையத்தில் எந்தப் பிரிவுடன் கதைப்பது, எந்தப் பக்கத்தை யார் எப்போது திருத்தினார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. கணக்குகள் அனைத்தும் துறையின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றப்பட்டன. இரண்டாம்படி உறுதிப்படுத்தலுக்குத் தொலைபேசி இலக்கம் கேட்டபோது யாருடையதைக் கொடுப்பது என்று சண்டை வந்தது. அக்காவுடையதைக் கொடுத்துவிட்டு, தொலைபேசி இல்லாமலே நுழைய உதவும் மாற்றுக் குறியீடுகளை அச்சடித்து, கடித உறையில் ஒட்டி, துறைத்தலைவரின் அலுமாரியில் பூட்டினோம். தலைவர் மாறும்போது சாவியோடு உறையும் மாறும். மாதத்தின் முதலாம் திங்கள் காலை அரை மணித்தியாலம் நால்வரும் ஏழு பக்கங்களையும் வாசித்துப் பார்ப்பது என்றும் எழுதிவைத்தோம்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது மாதம் திங்கட்கிழமை வாசிப்பு தவறியது, பரீட்சைக் காலம். விரிவுரையாளர் பட்டமேற்படிப்புக்குப் போய்விட்டார், அவருடைய இடத்துக்கு வந்தவருக்கு அக்காதான் சொல்லிக்கொடுத்தார். புதிய தலைவருக்கு முகப்பில் நகரும் படங்கள் வேண்டுமாம். அது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுதும்போது தளத்தைத் திறந்து பார்த்தேன். விரிவுரையாளர் பட்டியலில் வெளிநாடு போனவரின் பெயர் இன்னும் துறையில் இருப்பதாகவே கிடந்தது. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “கண்டிட்டன் பிள்ளை. கொப்பியில எழுதி வச்சிருக்கு. நாளைக்கு முதலாம் திங்கள்தானே.”